கணக்கு சரி, கடன் யார் பேரில்?

2020 ஏப்ரல் கடைசியில் நம் வேலூர் மாவட்ட எல்லையில் நடுரோட்டில் சுவர் எழுப்பினார்களே, ஞாபகம் இருக்கிறதா? குடியாத்தத்திலிருந்து பலமநேர் போகும் வழியில் சைனகுண்டாவில் ஒன்று, பொன்னை பக்கம் ஒன்று. ஹாலோபிளாக் கல்லை அடுக்கி, சிமெண்ட் வைத்து, ரோட்டின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை. ஆந்திராவிலிருந்து கொரோனா உள்ளே வந்துவிடக் கூடாதாம். சித்தூர் பக்கத்திலிருந்து எதிர்ப்பு வந்தது, செய்தி நாடு முழுக்கப் பரவியது, அப்புறம் சில நாட்களுக்குள் இடித்தும் விட்டார்கள். 1911 வரைக்கும் சித்தூர்தான் வட ஆற்காடு மாவட்டத்துக்கே தலைநகரம் என்பதை நினைத்தால் இன்னும் வேடிக்கையாக இருக்கும். நம் பழைய தலைநகரத்துக்கும் நமக்கும் நடுவில் நாமே சுவர் வைத்தோம்.

வாட்ஸ்அப்பில் பலர் சிரித்தார்கள் என்றாலும், எங்கள் தெருவில் பாதிப் பேர் சுவர் கட்டினது சரிதான் என்று பேசினார்கள். "நாலு பேர் சுத்திக்கினு போனா இன்னா, ஊரே தப்பிக்குதே" என்பது அவர்கள் கட்சி. யோசித்துப் பார்த்தால் இது லேசான வாதம் இல்லை. ஆங்கிலத் தத்துவவாதிகள் பெந்தாமும் மில்லும் பக்கம் பக்கமாக எழுதியதன் சாரம் கிட்டத்தட்ட இதுதான்: ஒரு செயல் நல்லதா கெட்டதா என்பதை அதன் விளைவை வைத்துத் தீர்மானி, அதிகம் பேருக்கு அதிக நன்மை எதுவோ அதைச் செய். பயன்வாதம் என்று இதைச் சொல்வார்கள். பொதுச் சுகாதாரத் துறையே பெரும்பாலும் இந்த அஸ்திவாரத்தின் மேல்தான் நிற்கிறது. நான் அந்தத் துறையில் கீழ்மட்டத்தில் கொசுப்புழு தேடி, குளோரின் கரைத்து, மாத்திரை கொடுத்து வேலை பார்த்தவன் என்பதால் அதைக் குறை சொல்லும் எண்ணம் எனக்குக் கிடையாது. எண்ணிப் பார்க்காமல் இந்த வேலையைச் செய்யவே முடியாது.

ஆனால் எண்ணி முடித்த பிறகு இன்னொரு கேள்வி இருக்கிறது. கூட்டுத்தொகை லாபம் என்று வந்துவிட்டது, சரி. அந்த லாபத்துக்கான செலவு யார் தலையில் விழுந்தது? அவர்களிடம் கேட்டார்களா? அவர்களுக்கு ஊர் என்ன திருப்பித் தரப்போகிறது? எனக்கு இருக்கிற ஒரே மனக்குறை, நம் ஊரில் முதல் கணக்கை மட்டும் போட்டுவிட்டு நோட்டை மூடிவிடுகிறார்கள் என்பதுதான்.

சுவருக்கே வருவோம். தொற்று நோய் நேரத்தில் அரசு மக்களைக் கட்டுப்படுத்தலாமா என்றால், கட்டுப்படுத்தலாம். அதற்கான அதிகாரம் 1939-ன் சென்னைப் பொதுச் சுகாதாரச் சட்டத்திலேயே இருக்கிறது, இந்தியாவில் இப்படி விரிவாக வந்த முதல் மாகாணச் சட்டம் அது. ஆனால் அதிகாரம் இருப்பதும் நியாயம் இருப்பதும் வேறு வேறு. பொதுச் சுகாதார அறவியலில் முதலில் பார்ப்பது, கட்டுப்பாடு நிஜமாகவே பலன் தருமா என்பதை. அடுத்து, அதே பலனை இதைவிடக் குறைந்த தொந்தரவில் அடைய வழி உண்டா என்பதை. சோதனைச் சாவடியில் நாலு போலீஸ்காரரும் ஒரு சுகாதார ஆய்வாளரும் நின்றால் யாரை விடலாம், யாரைத் திருப்பலாம் என்று பார்த்து முடிவு செய்வார்கள். சுவருக்குக் கண் கிடையாது, பிரசவ வலியோடு வருகிறவளும் சும்மா ஊர் சுற்ற வருகிறவனும் அதற்கு ஒன்றுதான். சித்தூர் மாவட்டத்து ஜனங்களில் எத்தனையோ பேருக்கு வைத்தியம் என்றால் வேலூர்தான் என்பது இங்கே எல்லோருக்கும் தெரியும்.

அமெரிக்கத் தத்துவவாதி ஜான் ரால்ஸ் 1971-ல் ஒரு யோசனை சொன்னார். விதி எழுதும்போது நீ அந்தச் சமுதாயத்தில் யாராக இருப்பாய், பணக்காரனா ஏழையா, எந்தப் பக்கத்தில் இருப்பாய் என்று உனக்கே தெரியாது என்று வைத்துக்கொண்டு எழுது, அப்போது நியாயமாக எழுதுவாய் என்றார். சுவர் கட்டினது சரி என்று பேசியவரிடம், நீ பொன்னையில் பிறந்தாயா எல்லையோர மாதண்டகுப்பத்தைத் தாண்டிப் பிறந்தாயா என்று தெரியாத நிலையில் இந்த உத்தரவில் கையெழுத்துப் போடுவாயா என்று கேட்டுப் பார்க்கலாம். நான் கேட்டேன். பேச்சை மாற்றிவிட்டார்.

அறவியல் வகுப்பு என்றாலே ட்ராலி கதைதான் முதலில் வரும். 1967-ல் ஃபிலிப்பா ஃபுட் எழுதியதிலிருந்து ஆரம்பித்தது: தறிகெட்டு ஓடும் வண்டி ஐந்து பேர் மேல் ஏறப்போகிறது, திருப்பிவிட்டால் ஒருவர்தான் சாவார், திருப்புவாயா? எனக்கு இந்தக் கதை அலுத்துவிட்டது. பொதுச் சுகாதாரத்தில் யாரும் தண்டவாளத்தில் கட்டுண்டு கிடப்பதில்லை. எந்த ஒருவர் என்று கடைசி வரை தெரியாது, பல சமயம் சம்பவம் நடந்த பிறகும் தெரியாது. அந்தத் தெரியாமைதான் இங்கே சிக்கலே. ஹெல்மெட் விவகாரம் அதைவிடச் சுலபம். பிறருக்குத் தீங்கு வராத வரை ஒருவர் விஷயத்தில் தலையிடாதே என்றார் மில், 1859-ல். 'என் தலை, என் இஷ்டம்' என்று பைபாஸில் பறக்கிற தம்பி தன்னையறியாமல் மில்லைத்தான் மேற்கோள் காட்டுகிறான். ஆனால் அவன் விழுந்தால் ஆறு மாதம் படுக்கையில் வைத்துப் பார்க்கப்போவது அவன் அம்மா. அவன் தலைக்கு அவன் மட்டும் சொந்தக்காரன் இல்லை. ஹெல்மெட் கட்டாயத்தில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை.

இப்போது நான் நிஜமாகத் திணறிய இடத்துக்கு வருகிறேன். யானைக்கால் ஒழிப்புக்காக ஊர் முழுக்க டி.இ.சி. மாத்திரை கொடுக்கும் திட்டம் உண்டு. நோய் இருக்கிறதோ இல்லையோ, சின்னக் குழந்தைகள், கர்ப்பிணிகள், ரொம்ப முடியாதவர்கள் தவிர எல்லோரும் விழுங்க வேண்டும். ரத்தத்தில் இருக்கும் புழுக்குஞ்சுகள் ஊர் முழுக்கக் குறைந்தால்தான் கொசு ஒருவரிடமிருந்து எடுத்து இன்னொருவருக்குக் கொடுப்பது நிற்கும். சிலருக்கு மயக்கம் வரும், காய்ச்சல் வரும், வாந்தி வரும். குடியாத்தம் பக்கத்து கிராமம் ஒன்றில் ஓர் ஆயா மாத்திரையை உள்ளங்கையில் வைத்துக்கொண்டே கேட்டார்:

"ஏம்பா, காலு நல்லாத்தானே கீது? எனக்கு எதுக்கு இது?"

"உங்களுக்காக மட்டும் இல்ல ஆயா, ஊருக்காகத்தான்."

"ஊருக்காக நான் முழுங்கறேன். மயக்கம் வந்து உழுந்தா ஊரு வந்து தூக்குமா?"

ஜெஃப்ரி ரோஸ் என்ற இங்கிலாந்து மருத்துவர் 1980-களில் இதைத்தான் தடுப்பு முரண் என்று விளக்கினார். ஊருக்குப் பெரிய நன்மை தரும் தடுப்பு நடவடிக்கை, தனித்தனி ஆளாகப் பார்த்தால் ஒவ்வொருவருக்கும் ஏறக்குறைய ஒன்றுமே தருவதில்லை. உப்பைக் குறைத்தால் ஊரில் மாரடைப்பு குறையும், ஆனால் உப்பைக் குறைத்த குப்புசாமிக்கு, குறைக்காவிட்டாலும் இந்த ஜென்மத்தில் மாரடைப்பு வந்தே இருக்காது, அவர் சப்பென்று சாப்பிட்டதுதான் மிச்சம். ரோஸ் சொன்னதை ஆயா படிக்கவில்லை, ஆனால் அவர் ரோஸைத் தாண்டி ஒரு கேள்வி கேட்டுவிட்டார். அறவியல்காரர்கள் அதற்குப் பரஸ்பரக் கடப்பாடு என்று கனமாகப் பெயர் வைத்திருக்கிறார்கள். ஊருக்காக ஒருவர் சுமையைத் தூக்கினால், அவருக்கு ஊர் கடன்பட்டிருக்கிறது. தனிமைப்படுத்தினால் சோறு போடு. வேலைக்குப் போகாதே என்றால் கூலி கொடு. மருந்து கொடுத்து மயக்கம் வந்தால் வண்டி அனுப்பு. அன்றைக்கு நான் என் போன் நம்பரை ஆயாவின் பேரனிடம் எழுதிக் கொடுத்தேன். அது அரசாங்கத்தின் ஏற்பாடு இல்லை, அந்த நேரத்துக்கு எனக்குத் தோன்றியது, அவ்வளவுதான்.

இதே கேள்வியைப் போலியோ சொட்டு மருந்திடம் கேட்டுப் பார்த்தால் மயக்கம், வாந்தியோடு நிற்காது. வேலூருக்கு இந்தக் கதையில் பெரிய பங்கு உண்டு. சி.எம்.சி. மருத்துவமனையின் வைரஸ் நிபுணர் டி. ஜேக்கப் ஜான், வெளிநாட்டில் மூன்று தவணையில் நன்றாக வேலை செய்யும் சொட்டு மருந்து நம் ஊர்க் குழந்தைகளிடம் அந்த அளவுக்கு வேலை செய்வதில்லை என்று 1970-களிலேயே காட்டினார். ஊரில் உள்ள எல்லாக் குழந்தைகளுக்கும் ஒரே சமயத்தில் கொடுப்பது என்ற முறையை வேலூரில் செய்து பார்த்தவரும் அவர்தான். பிற்பாடு 1995-ல் நாடு முழுக்க 'பல்ஸ் போலியோ' என்று வந்தது. 2011 ஜனவரியில் ஹவுராவில் வந்த நோயாளிதான் இந்தியாவின் கடைசி. 2014 மார்ச்சில் சான்றிதழும் கிடைத்தது. மனிதகுலம் செய்த பெரிய காரியங்களில் ஒன்று இது, எனக்கு அதில் சந்தேகமே கிடையாது.

ஆனால் சொட்டு மருந்தில் இருப்பது உயிருள்ள, பலவீனமாக்கப்பட்ட வைரஸ். மிக மிக அபூர்வமாக, உலக சுகாதார அமைப்பின் கணக்குப்படி சுமார் 27 லட்சம் டோஸுக்கு ஒன்று என்ற அளவில், அந்த மருந்தே ஒரு குழந்தையை முடமாக்கிவிடும். செத்த வைரஸை வைத்துச் செய்யும் ஊசியில் இந்த ஆபத்து இல்லை. விலை அதிகம், ஊசி போட ஆள் வேண்டும், குடலில் பரவலைத் தடுப்பதில் சொட்டு மருந்துதான் மேல், இப்படிப் பல காரணங்களால் சொட்டு மருந்தைத் தேர்ந்தெடுத்தார்கள். கணக்குப்படி சரியான தேர்வு என்றே வைத்துக்கொள்வோம். இந்தியாவில் ஒரு நாளில் கோடிக்கணக்கான டோஸ் கொடுத்தோம். அப்படியானால் அந்த ஒன்று எங்கோ ஒரு வீட்டில் நிச்சயம் இருக்கிறது, ஒன்றுக்கு மேலும் இருக்கும். அந்தப் பிள்ளைகள் என்ன ஆனார்கள்? ஜேக்கப் ஜானே பல காலம் இதை எழுப்பினார், ஊசிக்கு மாறுங்கள் என்று வாதாடினார். 2015 கடைசியில்தான் ஊசியும் அரசுத் திட்டத்தில் சேர்ந்தது.

என்னிடம் யாராவது "அப்போ சொட்டு மருந்து கொடுத்தது தப்பா?" என்று கேட்டால் இல்லை என்றுதான் சொல்வேன். கொடுக்காமல் இருந்திருந்தால் வருடா வருடம் ஆயிரக்கணக்கில் கால்கள் சூம்பியிருக்கும். ஜெர்மன் தத்துவவாதி கான்ட் மனிதரை வெறும் கருவியாக மட்டும் நடத்தாதே என்றார். 'மட்டும்' என்கிற சொல்லில்தான் விஷயம் இருக்கிறது. ஊரின் பாதுகாப்புக்கு ஒவ்வொரு குழந்தையும் ஒரு கருவிதான், அதை ஒளிக்க வேண்டியதில்லை. விபத்து நேர்ந்த பிறகு அந்தக் குழந்தையைத் திரும்பிப் பார்க்காமல் விட்டால்தான் அது வெறும் கருவி ஆகிறது. ஜெர்மனியில் பெரியம்மைத் தடுப்பூசியால் பாதிக்கப்பட்டவர் விஷயத்தில் 1953-ல் நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லி, 1961-ல் சட்டமே வந்தது: ஊருக்காக நீ தியாகம் செய்தாய், யார் மேல் தப்பு என்று நிரூபிக்க வேண்டாம், பணத்தை வாங்கிக்கொள். பிரிட்டனில் 1979, அமெரிக்காவில் 1986. இங்கே 2022-ல் கொரோனா தடுப்பூசி வழக்கில் மத்திய அரசு உச்ச நீதிமன்றத்தில் சொன்னது, இதற்கு அரசு பொறுப்பாகாது, வேண்டுமானால் சிவில் கோர்ட்டுக்குப் போய்க்கொள்ளலாம் என்பது. தடுப்பூசி போடச் சொல்லி வீடு வீடாகக் கதவைத் தட்டியவன் நான். தட்டும்போது 'ஊருக்காக' என்று சொல்லிவிட்டு, பிறகு 'உன் பாடு' என்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

இன்னும் சங்கடமான ஒன்று, குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கு தரும் ரோட்டா வைரஸ். 1998-ல் அமெரிக்காவில் ரோட்டாஷீல்டு என்ற தடுப்பு மருந்து வந்தது. சுமார் 10,000 குழந்தைக்கு ஒன்று என்ற அளவில் குடல் குடலுக்குள்ளேயே செருகிக்கொள்ளும் கோளாறு தெரிந்ததும் 1999 அக்டோபரில் நிறுத்திவிட்டார்கள். அமெரிக்காவில் இந்த வயிற்றுப்போக்கால் குழந்தைகள் சாவது அபூர்வம், ஆகவே அங்கே அது சரியான முடிவு. ஆனால் அந்தக் காலத்தில் உலகம் முழுக்க ஆண்டுக்கு 4 லட்சத்துக்கும் மேல் குழந்தைகள் ரோட்டாவால் செத்துக்கொண்டிருந்தார்கள், பெரும்பாலும் நம்மைப் போன்ற நாடுகளில். இங்கே அதே மருந்தைக் கொடுத்திருந்தால் காப்பாற்றும் உயிர்கள் மிகப் பல மடங்கு. கொடுக்கவில்லை. அமெரிக்கக் குழந்தைக்கு ஆகாததை எங்கள் குழந்தைக்குக் கொடுப்பாயா என்ற கேள்விக்கு எந்த அரசாலும் பதில் சொல்ல முடியவில்லை. அடுத்த மருந்துகள் வர 2006 ஆகிவிட்டது. மருந்தால் போன குழந்தைக்குப் பெயர், முகம், செய்தித்தாள் எல்லாம் உண்டு. மருந்து வராததால் போன குழந்தை வெறும் எண். எனக்கு இதில் இரண்டு பக்கமும் புரிகிறது, தீர்ப்புச் சொல்லத் தைரியம் இல்லை.

வேலூரில் கஸ்பா, சின்ன அல்லாபுரம் மாதிரி நெருக்கடியான குடியிருப்புகளில் பிறந்த குழந்தைகளை மூன்று வயது வரை தொடர்ந்து கவனித்துத்தான், ரோட்டா இங்கே திரும்பத் திரும்பத் தொற்றுகிறது, இயற்கையாக வரும் பாதுகாப்பு மெக்சிகோவில் கண்ட அளவுக்கு இல்லை என்று கண்டுபிடித்தார்கள். பிறகு இந்தியாவிலேயே தயாரான ரோட்டாவாக்குக்கான பெரிய பரிசோதனை டெல்லி, புனே, வேலூர் மூன்று இடத்தில் 6,799 குழந்தைகளிடம் நடந்தது. மூன்றில் ஒரு பங்குக் குழந்தைகளுக்கு மருந்தில்லாத வெறும் சொட்டு. தனியார் மருத்துவமனைகளில் வேறு ரோட்டா மருந்து காசுக்குக் கிடைத்துக்கொண்டிருந்த காலம் அது. வாங்க முடியாத குடும்பங்கள்தான் பரிசோதனைக்குள் வந்தன என்று விமர்சித்தார்கள், வேலூர்த் தரவைத் தனியாக வெளியிடு என்று சண்டையும் நடந்தது. இதில் என் மனம் கொஞ்சம் ஆறுவது ஒரே காரணத்தால்தான்: 2017-ல் தமிழ்நாட்டிலும் ரோட்டா சொட்டு மருந்து அரசுத் திட்டத்தில் இலவசமாக வந்துவிட்டது. எந்தத் தெருக்காரர்கள் பரிசோதனைக்குக் குழந்தையைக் கொடுத்தார்களோ, அந்தத் தெருவுக்கே பலன் வந்தது. எல்லாப் பரிசோதனைக்கும் இப்படி அமைவதில்லை.

எச்.ஐ.வி. கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1986-ல் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகள் தெரிந்தது வேலூரில் செய்த பரிசோதனையில்தான். சென்னையில் காப்பகத்தில் வைக்கப்பட்டிருந்த பாலியல் தொழிலாளிகளிடம் மருத்துவ மாணவி நிர்மலா ரத்தம் எடுத்து, ரயிலில் காட்பாடிக்குக் கொண்டுவந்தார். வழிகாட்டியவர் அவருடைய பேராசிரியை சுனிதி சாலமன். நாட்டுக்கு அது எவ்வளவு பெரிய உதவி என்று சொல்லத் தேவையில்லை. அந்தப் பெண்களோ வழக்கமான பால்வினை நோய்ப் பரிசோதனை என்றே நினைத்துக்கொண்டிருந்தார்கள் என்று நிர்மலாவே பிற்பாடு பேட்டியில் சொல்லியிருக்கிறார். நாடு அந்தப் பெண்களின் ரத்தத்திலிருந்து தெரிந்துகொண்டது, பதிலுக்கு அவர்களைப் போன்றவர்களுக்குக் கிடைத்தது பூட்டும் பழியும். கோவாவில் 1989-ல் டொமினிக் டிசோசா என்பவரை, தொற்று இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக 64 நாள் அடைத்து வைத்தார்கள். சொல்லி, சம்மதம் வாங்கித்தான் பரிசோதிக்க வேண்டும் என்று சட்டம் வர 2017 ஆயிற்று.

கடைசியாகப் பாலாறும் தோல் தொழிற்சாலைக் கழிவும். ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு ஆட்கள் இதைப் படித்தால், இவ்வளவு நேரம் இதை ஏன் சொல்லவில்லை என்று கேட்பார்கள். இந்தியச் சட்டம் படிக்கும் எந்த மாணவருக்கும் வேலூர் என்றால் கோட்டை நினைவுக்கு வராது, வழக்கு நினைவுக்கு வரும்: வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பு. தோல் தொழிற்சாலைக் கழிவால் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுதாகவோ பாதியாகவோ பாழாகிவிட்டது என்ற ஆய்வு அந்தத் தீர்ப்பிலேயே இருக்கிறது. நீதிபதி குல்தீப் சிங் அமர்வு இரண்டு கொள்கைகளை இந்தியச் சட்டத்தின் பகுதி என்று அறிவித்தது. ஒன்று முன்னெச்சரிக்கை: தீங்கு வரும் என்று அறிவியல் நூறு சதம் உறுதி சொல்லவில்லை என்பதைச் சாக்காகக் காட்டிச் சும்மா இருக்கக் கூடாது, தீங்கு இல்லை என்று நிரூபிப்பது தொழில் நடத்துகிறவன் பொறுப்பு. மற்றொன்று, மாசு செய்தவன் பணம் கட்ட வேண்டும். கிணற்றில் தண்ணீர் சிவப்பாக வருகிறது என்று சொல்லும் விவசாயியிடம் 'ஆதாரம் கொண்டா' என்று கேட்கும் வழக்கத்தைத் தலைகீழாகத் திருப்பிய தீர்ப்பு அது.

தோல் வேலையால் இந்தப் பக்கத்தில் எத்தனையோ வீடுகளில் அடுப்பு எரிகிறது. செருப்பு ஏற்றுமதியால் நாட்டுக்கு டாலர் வருகிறது. மொத்தக் கணக்கில் லாபமாகக்கூட இருக்கலாம். ஆனால் டாலர் வந்த இடம் வேறு, கிணறு கெட்ட இடம் வேறு. தொழிற்சாலைக்குள் சம்பளம் வாங்குகிறவனும் தப்பவில்லை. 2015 ஜனவரி கடைசியில் ராணிப்பேட்டை சிட்கோவில் கழிவுத் தொட்டிச் சுவர் உடைந்து, தூங்கிக்கொண்டிருந்த 10 தொழிலாளர்கள் கசடில் மூழ்கிச் செத்தார்கள், பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள்.

1996 தீர்ப்பை வைத்து அமைந்த ஆணையம் 29 ஆயிரத்துக்கும் மேற்பட்ட பாதிக்கப்பட்டவர்களை அடையாளம் கண்டு, 2001-ல் இழப்பீட்டை நிர்ணயித்தது. எல்லோருக்கும் போய்ச் சேரவில்லை. 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் மறுபடி தலையிட்டு, மாநில அரசு முதலில் பணத்தைக் கொடுத்துவிட்டு, பிறகு மாசு செய்தவர்களிடம் வசூலித்துக்கொள்ள வேண்டும் என்றது. கடன் கொடுத்தவரை அலையவிடாதே, வசூல் தலைவலியை அரசு பார்த்துக்கொள்ளட்டும் என்கிற அந்த ஏற்பாடு எனக்குப் பிடித்திருந்தது. தடுப்பூசிக்கும், தனிமைப்படுத்தலுக்கும், நாளைக்கு எந்த எல்லையிலாவது எழப்போகும் சுவருக்கும் இதே மாதிரி ஏன் செய்யக் கூடாது? எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம் அந்த இழப்பீட்டில் கொஞ்சம் வாங்கியது. வாங்கிய பணத்தில் போர் போட்டார்கள். அதிலும் உப்புத் தண்ணீர்தான் வந்தது, இப்போது கேன் தண்ணீர் வாங்குகிறார்கள்.